இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, சகோதரி

மட்டக்களப்பின் தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், திணைக்களம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 46 வயது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வாவி மீனும் இறாலும் வாங்கி, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வந்து கிழக்கே எழுவான்கரை ஊர்களில் மோட்டார் சைக்கிளில் விற்பவர். பதினாறு மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், இருட்டு முழுதாக விலகாத நேரத்தில், மட்டக்களப்பு – கல்முனை வீதியில் அவருக்குப் பின்னால் வந்த அரச திணைக்களமொன்றின் கெப் வாகனம் அவரை மோதியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடங்களில் முறிந்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இன்றும் கோலூன்றித்தான் நடக்கிறார். மூன்று பிள்ளைகள், மூத்தவள் உயர்தரம் படிக்கிறாள். சகோதரியின் தையல் வருமானத்தில் வீடு நடக்கிறது.

விபத்து நடந்த மூன்றாம் நாள் திணைக்களத்திலிருந்து ஒருவர் பழப்பையோடு வைத்தியசாலைக்கு வந்து 25,000 ரூபாய் கொடுத்து, சிங்களத்தில் எழுதிய ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். பிறகு நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஏற்றுக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். “வழக்கு முடிந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை” என்று பொலிஸில் சொன்னார்களாம். காப்புறுதி நிறுவனம் ஏழு மாதமாக “பைல் கொழும்புக்குப் போயிருக்கிறது” என்கிறது. அயலவர் ஒருவர் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்கிறார். இன்னொருவர், மோட்டார் சைக்கிளின் வருமான அனுமதிப்பத்திரம் முடிந்து 11 நாளாகியிருந்ததால் வாயே திறக்கக் கூடாது என்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: “அந்தச் சாரதியும் பிள்ளைகுட்டிக்காரர். இரண்டு தடவை வந்து இவரைப் பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் வழக்குப் போட்டால் அவருடைய வேலை போய்விடுமா?”

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது என் கண்ணில் பட்டது திகதிதான். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பேசலாம்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

ஒருவருடைய கவனயீனத்தால் உடலுக்கோ உடைமைக்கோ ஏற்பட்ட சேதத்துக்கு நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்க நம் நாட்டில் உள்ள காலம் இரண்டு ஆண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது இது. விபத்து நடந்த நாளிலிருந்து இந்தக் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. கால் எப்போது குணமாகும், நீதவான் நீதிமன்ற வழக்கு எப்போது முடியும், காப்புறுதி நிறுவனம் எப்போது பதில் சொல்லும் என்பதற்கெல்லாம் அது காத்திருப்பதில்லை. உங்களுக்குப் பதினாறு மாதம் கழிந்துவிட்டது. எட்டு மாதம் மிச்சம்.

அந்த எட்டும் முழுதாக உங்கள் கையில் இல்லை. அரசுக்கு எதிரான வழக்கைச் சட்டமா அதிபரின் பெயரில் தொடுக்க வேண்டும். அதற்கு முன் அவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து, ஒரு மாதம் கழிய விட வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவு இது. வழக்காடப் போகிறவரின் பெயர், முகவரி, என்ன நடந்தது, என்ன நிவாரணம் கேட்கிறோம் என்ற விவரங்கள் அந்த அறிவித்தலில் இருக்க வேண்டும். அறிவித்தல் கொடுத்த செய்தியை, நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் வழக்குரையிலும் குறிப்பிட வேண்டும். அந்த ஒரு மாதத்தையும் இரண்டு ஆண்டுக்குள் அடங்குவதாகவே வைத்துக் கணக்கிடுங்கள். ஆகவே சட்டத்தரணியைக் காண்பது, ஆவணம் சேர்ப்பது, அறிவித்தல் அனுப்புவது, வழக்குரை தயாரிப்பது எல்லாம் சேர்த்து ஏழு மாதத்துக்குள் அடங்க வேண்டும். கடைசி வாரத்தில் ஓடி வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் யாரும் அசட்டையாக இருந்தவர்கள் அல்லர். “அடுத்த மாதம் வாருங்கள்” என்று இனிமையாகச் சொன்ன யாரோ ஒருவரை நம்பியிருந்தவர்கள்.

மோதிய வாகனம் யாருடையது என்பதை இந்த வாரமே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மத்திய அரசின் திணைக்களமா, மாகாண சபையின் கீழ் உள்ளதா, அதிகார சபையோ கூட்டுத்தாபனமோ, பிரதேச சபையா என்பதைப் பொறுத்து யாரை எதிராளியாக்குவது என்பது மாறும். தனக்கென்று சட்ட ஆளுமை உள்ள, அதாவது தன் பெயரிலேயே வழக்காடக்கூடிய சபையை அதன் சொந்தப் பெயரிலேயே வழக்கிட வேண்டும். உள்ளூராட்சி மன்றமானால் தனியான அறிவித்தல் விதி இருக்கிறது. காலக்கெடுவும் ஆண்டுக் கணக்கிலிருந்து மாதக் கணக்குக்குச் சுருங்கலாம். உங்கள் கடிதத்தில் “திணைக்களம்” என்று எழுதியிருப்பதை நம்பியே இந்தப் பதிலை எழுதுகிறேன். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியில் வாகன இலக்கம் இருக்கும். அதை வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு உரிமையாளரை அறிந்துகொள்ளலாம்.

“அரசாங்கத்தோடு வழக்காட முடியுமா?”

முடியும். முடியாது என்று ஊரார் சொல்வதிலும் ஒரு பழைய உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில், முடியின், அதாவது அரசின், ஊழியர் செய்த தீங்குக்காக அரசை வழக்கிட முடியாது என்பதே இங்கே சட்டமாக இருந்தது. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. அரச ஊழியர் தன் கடமையின்போது இழைக்கும் தீங்குக்கு, ஒரு தனியார் முதலாளி எப்படிப் பொறுப்பாளியோ அப்படியே அரசும் பொறுப்பாளி. உங்கள் மாமனார் காலத்துக் கதையை நம்பி உங்கள் பிள்ளைகளின் காலத்து உரிமையை விட்டுவிடாதீர்கள்.

“கடமையின்போது” என்ற சொல்லில்தான் திணைக்களம் பிடித்துக்கொள்ளக்கூடும். விடியற்காலையில் அந்த கெப் ஏன் வீதியில் இருந்தது? உத்தியோகத்தரை ஏற்றப் போனதா, சாரதி தன் சொந்த அலுவலுக்கு எடுத்துப் போனாரா? இதற்கு விடை, அலுவலகங்களில் ‘ரன்னிங் சார்ட்’ என்று சொல்லும் ஓட்டப் பதிவேட்டில் இருக்கிறது. அரச வாகனம் விபத்துக்குள்ளானால் அரச அலுவலகங்களுக்கான நிதி விதிகளில் ஒன்றான நிதிப் பிரமாணம் 104இன் கீழ் ஆரம்ப அறிக்கையும், மூன்று மாதத்துக்குள் முழு அறிக்கையும் எழுத வேண்டும். இந்த மூன்றின் பிரதியையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு கடிதம் போதும். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் அந்தப் பதில் வரும்வரை சட்டமா அதிபருக்கான அறிவித்தலைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும்.

வழக்குக்காகக் கொழும்புக்கு அலைய வேண்டும் என்ற பயமும் வேண்டாம். விபத்து நடந்த இடம் எந்த மாவட்ட நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேயே வழக்குத் தொடுக்கலாம். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நீதிமன்ற மொழி தமிழ். கொழும்புக்குப் போக வேண்டியது, புதுக்கடையிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு அனுப்பும் பதிவுத் தபால் ஒன்றுதான். அந்தப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

நீதவான் நீதிமன்றத்தில் முடிந்தது சாரதிக்கு எதிரான குற்ற வழக்கு. தண்டப்பணம் அரசுக்குப் போனது. உங்கள் கணவரின் காலுக்கு அதிலிருந்து ஒரு சதமும் வரவில்லை. குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு வழங்கும்படி கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. அதை யாரும் அன்று கேட்கவில்லைப் போலிருக்கிறது. அது போனாலும் குடியியல் வழக்கு அப்படியே உங்களுடையது. சாரதி குற்றத்தை ஏற்றுக்கொண்டதற்கான பதிவு உங்களுக்கு நல்ல சான்று. குற்றப்பத்திரம், நீதிமன்றக் குறிப்பேடு, பொலிஸ் வரைபடம், மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கை ஆகியவற்றின் உறுதிப்படுத்திய பிரதிகளை ஒரு சட்டத்தரணி மூலம் விண்ணப்பித்துப் பெறுங்கள்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஆணைக்குழு பார்ப்பது அடிப்படை உரிமை மீறல்களை. அப்படியான மீறலுக்கான மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. கவனயீனமான விபத்துக்கு அது சரியான வழியும் அல்ல.

காப்புறுதியும், கையெழுத்திட்ட அந்தக் காகிதமும்

காப்புறுதி நிறுவனம் உங்களுக்கு எதிரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் ஆளும் அல்ல. திணைக்களத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம். அது ஏழு மாதம் பேசினாலும் பதினேழு மாதம் பேசினாலும் உங்கள் இரண்டு ஆண்டுக் கணக்கு நிற்காது. பேச்சு நடந்தபடி நடக்கட்டும். தொலைபேசியில் சொல்வதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். வழக்குத் தொடுக்கப் போவதை வழக்குக்கு முன்னரே அந்த நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அறிவித்துவிடுங்கள். இந்த அறிவித்தல் இல்லாமற் போனால், தீர்ப்புக் கிடைத்த பின் “எங்களுக்குச் சொல்லவில்லையே” என்று நிறுவனம் கையை விரிக்க இடமுண்டு.

மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் ஒரு தொகை தருகிறோம் என்று படிவம் நீட்டினால், அதில் “இறுதியும் முழுமையுமான தீர்வு” என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று சட்டத்தரணி ஒருவர் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். ஐம்பதாயிரம் ரூபாய் வண்டிக்காகக் காலின் உரிமை போய்விடக் கூடாது. அரச வாகனங்கள் எல்லாவற்றுக்கும் காப்புறுதி இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். இல்லாவிட்டாலும் அரசின் பொறுப்புக் குறையாது. உங்கள் கணவர் எடுத்திருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அது அவரால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது; அவருடைய காலுக்கும் வண்டிக்கும் அதிலிருந்து எதுவும் கிடைக்காது.

இப்போது அந்தக் காகிதம். நீங்கள் எழுதியதை மீண்டும் படித்தேன்: “அவர் ஊசி மயக்கத்தில் இருந்தார், நான் பேனையைப் பிடித்துக் கொடுத்தேன்.” இதை நினைத்துப் பதினாறு மாதமாக உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொண்டிருப்பது வரிகளுக்கிடையே தெரிகிறது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அது வெறும் பணம் பெற்ற துண்டாக இருக்கலாம். அல்லது இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதியதாக இருக்கலாம். முன்னதானால் அந்த 25,000 ரூபாயைக் கணக்கில் கழிப்பதோடு பிரச்சினை முடியும். பின்னதானால் சிக்கல்தான். தெரியாத மொழியில் இருந்தது என்பதற்காக மட்டும் ஒரு கையெழுத்து தானாகச் செல்லாமல் போய்விடாது. ஆனால் எந்த நிலையில், யார் விளக்கி, என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதை நீதிமன்றம் பார்க்கும். அன்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், கூட இருந்த உங்கள் தம்பி ஆகியோர் பார்த்ததை இப்போதே எழுதி வாங்குங்கள். வைத்தியசாலையின் படுக்கைச் சீட்டில் (பெட் ஹெட் டிக்கெட்) எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பது பதிவாகியிருக்கும். தகவல் அறியும் கடிதத்தில் அந்தக் காகிதத்தின் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

பின்விளக்கை மறைத்த மீன் பெட்டி

வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியானது ஒரு குற்றம்தான். அதற்குத் தண்டம் உண்டு. ஆனால் அந்த 11 நாளா கெப்பைக் கொண்டுவந்து மோதியது? விபத்துக்குக் காரணமாகாத தவறு நட்டஈட்டு உரிமையைப் பறிக்காது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வேறொரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணவர் கட்டியிருந்த ரெஜிபோம் பெட்டி பின்விளக்குக்கு மேலே சரிந்து தொங்கும் என்றும், அதைப் பலமுறை சொல்லியும் கேட்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பின்னால் வந்த வாகனம் மோதிய வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் தேடுவது இதைத்தான். மறைக்க முயல வேண்டாம். பொலிஸ் எடுத்த படத்தில் அந்தப் பெட்டி இருக்கக்கூடும். ஒரு சிறு பொய் பிடிபட்டால் உண்மையான பத்து விஷயங்களையும் நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார்.

இதனால் வழக்குத் தோற்றுவிடும் என்ற பயமும் வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் பக்கத்திலும் பிழை இருந்தால் வழக்கு அடியோடு போய்விடும் என்ற பழைய நிலையை 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் மாற்றியது. யாருடைய பிழை எவ்வளவு என்று நீதிமன்றம் பிரித்துப் பார்க்கும். உதாரணத்துக்கு, மொத்தச் சேதம் 20 இலட்சம் ரூபாய் என்றும் உங்கள் கணவரின் பங்குப் பிழை நூற்றுக்கு 20 என்றும் தீர்மானித்தால், கிடைப்பது 16 இலட்சம். தொகை குறையும், உரிமை போகாது.

சம்பளத் துண்டு இல்லாதவரின் வருமானம்

மீன் வியாபாரிக்குச் சம்பளத் துண்டு கிடையாது. வழக்குகளில் குடும்பங்கள் அதிகமாக இழப்பது இங்கேதான் என்பது என் அனுபவம். கால் முறிந்ததை எக்ஸ்றே சொல்லிவிடும். அந்தக் கால் நாளொன்றுக்கு எவ்வளவு உழைத்தது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படுவான்கரையில் அவருக்கு மீன் கொடுத்தவர்களிடம் கொப்பிக் கணக்கு இருக்கும். எந்த நாளில் எத்தனை கிலோ எடுத்தார், எவ்வளவு கடன் வைத்தார், எப்போது கொடுத்தார் என்று எண்ணெய்க் கறையோடு கிடக்கும் அந்தப் பக்கங்கள் எந்தச் சான்றிதழையும்விட நம்பகமானவை. விபத்துக்கு முந்தைய ஆறு மாதத்துப் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். மூலக் கொப்பியை எறிய வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். வழக்கமாக வாங்கிய இரண்டு சாப்பாட்டுக் கடைக்காரர்களிடமும், மீனவர் சங்கத்திடமும் கடிதம் வாங்குங்கள். தேவையானபோது சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளலாம். கிராம சேவகரின் வருமானச் சான்றிதழும் வேண்டும். அது சட்ட உதவிக்கும் பயன்படும்.

வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம், ஆகவே செலவு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிளினிக் கொப்பியைத் திறந்து திகதிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு திகதிக்கும் ஒரு ஓட்டோ கூலி இருக்கிறது. அன்று நீங்கள் தையல் இயந்திரத்தை மூடிவைத்த கூலி இருக்கிறது. வெளியே எடுத்த ஸ்கேன், ஊன்றுகோல், உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போன நாட்கள், வீட்டில் மாற்றிக் கட்டிய மலசலகூடம் எல்லாமே செலவுதான். பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் திகதி வாரியாக இன்றிரவே எழுதத் தொடங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாததையும் எழுதுங்கள். அதோடு, கம்பியை மீண்டும் எடுக்க வேண்டுமா, கால் எந்த அளவுக்கு நிரந்தரமாக ஊனமாகும், பாரம் தூக்கி வண்டி ஓட்ட முடியுமா என்று எலும்பு முறிவு வைத்திய நிபுணரிடம் எழுத்தில் கேளுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் தேவைப்படும். வலியும் வேதனையும், இனிமேல் இழக்கப்போகும் உழைப்பும் சேர்ந்தே நட்டஈடு கணக்கிடப்படும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்கிறீர்கள். மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் வழக்கை நடத்தித் தருவார்கள். கிராம சேவகரின் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, டயக்னோசிஸ் கார்ட், அடையாள அட்டை ஆகியவற்றோடு போங்கள். முதல் வரியாக விபத்துத் திகதியைச் சொல்லுங்கள். வழக்கு நீளும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஆண்டுகள் ஆகலாம். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவைக் கட்ட நேரிடலாம். நடுவில் சமரசத்துக்கு அழைப்பு வந்தால் முகத்தைத் திருப்ப வேண்டாம். நியாயமான தொகையானால் ஏற்பதே நல்லது. ஆனால் வழக்குத் தாக்கலான பிறகு வரும் அழைப்பும், காலம் கடந்த பிறகு வரும் அழைப்பும் ஒன்றல்ல.

அந்தச் சாரதியைப் பற்றி

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கால் போன வீட்டிலிருந்து, காலை முறித்தவரின் வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் வழக்குப் போட்டாலும் போடாவிட்டாலும், அரச வாகனம் விபத்துக்குள்ளானால் உள்ளக விசாரணை நடந்தே ஆகும். சாரதி பொறுப்பாளி என்று கண்டால், அரசுக்கு ஏற்பட்ட இழப்பை அவரிடமிருந்து அறவிட முயலலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வழக்கில் பணம் கொடுக்கும் சக்தி உள்ள தரப்பு அரசும், காப்புறுதி இருந்தால் அந்த நிறுவனமும்தான். ஒரு சாரதியின் சம்பளத்தை நம்பி யாரும் இந்த வழக்கைத் தொடுப்பதில்லை. அவரையும் எதிராளியாகச் சேர்க்க வேண்டுமா என்பதை உங்கள் சட்டத்தரணியோடு பேசி முடிவெடுங்கள். அவர் கடமையில்தான் இருந்தார் என்பது ஓட்டப் பதிவேட்டில் தெளிவாக இருந்தால், சேர்க்காமலே போக வழி இருக்கலாம். நீதிமன்றத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது அன்று வீதியில் என்ன நடந்தது என்பதை மட்டும்தான். அவர் இரண்டு தடவை வந்து பார்த்ததையும் கேட்டால் சொல்லுங்கள், அதுவும் நடந்ததுதான். அவர் மீண்டும் வந்தால் தேநீர் கொடுங்கள், வழக்கைப் பற்றி மட்டும் பேச வேண்டாம்.

கிராம சேவகரிடம் திங்கட்கிழமை போய்விடுங்கள்.